கதவுக்குக் கதவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். நீ நலமில்லை என்பது தெரியும், அதனால் கேட்கவில்லை. மாவுக்கட்டு நனையாமல் பார்த்துக்கொள். உள்ளே அரித்தால் பென்சிலை விட்டுச் சொறியாதே. கைப்பந்து ஆடப்போய்க் காலை முறித்துக்கொண்டதற்குப் போனில் திட்டியாயிற்று, மறுபடி திட்டமாட்டேன். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை விடுதியிலிருந்து உன்னை அழைத்துவர யார் வண்டி வரவேண்டும் என்று கேட்டாய். முடிவை என்னிடமே விட்டாய். அதே மூச்சில், அவர் வண்டியில் காலைத் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டாய். 

உன் அம்மா அந்தக் கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு நாலு வருடமாகிறது. இதுவரை அவரைப் பற்றி உன்னிடம் ஒரு குறை சொல்லியிருப்பேனா? மனதுக்குள் சொன்னதெல்லாம் சேர்த்தியில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அந்த மனுஷன் செய்ததைக் கேள். தன் பெரிய வண்டியை நேராக என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சீட்டுக்கு உறை தைக்க வேண்டுமாம். ஊரில் சீட் தைக்க வேறு ஆளே இல்லையா? சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா எந்த வண்டில வந்தாலும் சரிங்க. ஒருவேளை இதுல வந்தா வலிக்காம வரணும். அது உங்களுக்குத்தான் தெரியும்."

பாப்பாவாம். எனக்குக் காதில் புகை வந்தது.

அவர் போனதும் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி டேப்பை எடுத்தேன். என் வண்டி பின் சீட், கதவுக்குக் கதவு நாற்பத்தாறு அங்குலம். அவருடையது ஐம்பத்து நாலு. டேப் மேல் சந்தேகப்பட்டு வேறு டேப்பால் அளந்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. பிறகு முதுகுக்குத் தலையணை வைத்து, குறுக்கே காலை நீட்டி இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். என் வண்டியில் குதிகால் கதவில் இடித்தது. அவர் வண்டியில் நீட்டியும் நாலு விரல் மிச்சம். தலைக்கு மேலும் நல்ல உயரம். பக்கத்துக் கடை பெயின்டர் எட்டிப் பார்த்து, வண்டி வாங்கப் போகிறாயா என்று கேட்டார். 

ஆனால் கண்ணு, இடம் வேறு, உட்காரும் சுகம் வேறு. அவர் சீட் ஆளைப் பொதக்கென்று உள்ளே வாங்குகிறது. ஒரு மணி நேரம் ராஜா மாதிரி இருக்கும், இரண்டாவது மணியில் இடுப்பு பேசும். விடுதியிலிருந்து வருகிற ஆறு மணி நேரத்துக்கு அது உதவாது. என் வண்டி சீட் நானே கெட்டி ஃபோம் வைத்துக் கட்டியது. ஏழு வருடம் நீ உட்கார்ந்து உட்கார்ந்து பதமான சீட். இதை உனக்கு எடுத்துச் சொல்லி, என் வண்டியிலேயே வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அதற்குள் இன்னொன்றைப் பார்த்துத் தொலைத்தேன். அவர் வண்டியின் முன் கதவுப் பையில் உன் பச்சை ஹேர்கிளிப் கிடந்தது. அந்த முன் சீட் உன் கால் நீளத்துக்குச் சரியாகத் தள்ளியிருந்தது.  என் வண்டியில் நீ ஒருநாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை. கேட்டால் தூக்கம் வருகிறது என்று பின்னால் போய்ச் சுருண்டுகொள்வாய். அங்கே மட்டும் தூக்கம் வராதோ? அவர் என்ன பேசுவார், எனக்குப் பேச வராததா? இது பொறாமை என்பாய். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. அந்த ஆள் கொஞ்சம் கெட்டவராகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா?

சரி, முடிவைச் சொல்கிறேன். நீ அவர் வண்டியில் வா. இடிக்கிற காலோடு உன்னை ஆறு மணி நேரம் கூட்டிவந்து நான் யாரிடம் ஜெயிக்கப் போகிறேன்?

புது ஃபோம் போடலாம் என்று பார்த்தேன். அது படிய மாசக்கணக்காகும், அதுவரை எதிர்த்துத் தள்ளும். அதனால் நம் வண்டியின் பின் சீட்டைப் பிரித்து, அந்த ஃபோமை அவர் வண்டியில் வைத்துத் தைத்துவிட்டேன். அகலத்துக்குப் போதாத இடத்தில் ஒட்டுக் கொடுத்திருக்கிறேன், உனக்கு உறுத்தாது. இடது கதவில் சாய்ந்து உட்கார், அந்தப் பக்கம்தான் முதுகுக்கு ஒரு அடுக்கு கூட வைத்திருக்கிறேன். சாயுமுன் கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார். அவருக்கு உறை மாற்றியது மட்டும்தான் தெரியும். நீயும் சொல்ல வேண்டாம்.

கால் சீக்கிரம் கூடட்டும். நீ பழையபடி ஓடு, குதி, எனக்குக் கவலை கொடு. கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள், சும்மா கடைத்தெரு வரைக்குமாவது, நம் வண்டியில் வா. பின் சீட்டில் இப்போது வெறும் தகரம்தான் இருக்கிறது. நீ முன்னால்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

உன்
அப்பா