வந்து சேராத பை

ஹனோய்
11.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

தேவயானி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் பத்திரமாக வியட்நாம் வந்து சேர்ந்தோம். போனில் பேசினால் பாதிப் பேச்சு உங்கள் மலைக்கு ஏறுவதில்லை. காவலூரில் செல்லியக்காவின் தையல் கடைக்கு எழுதி அனுப்பு, அங்கே சிக்னல் கிடைக்கிறது, வந்து படித்துக்கொள்கிறேன் என்றீர்களே, அப்படியே செய்கிறேன்.

ஊர் முழுக்க ஸ்கூட்டர்தான். சாலையைக் கடக்க வழி தெரியாமல் வெகு நேரம் ஓரத்தில் நின்றோம். ஒரு பழக்கடை அம்மா, ஓடாதே, மெதுவாக நட, வண்டிகள் தானே விலகும் என்று சைகையில் காட்டினார். உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் போனதும் அவர் சிரித்தாரே, கல்யாணமாகி இந்த ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு குறை. அவருடைய பெரிய பை மட்டும் வரவில்லை. நடுவில் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டதாம். சீக்கிரம் அனுப்புகிறோம் என்கிறார்கள். அதுவரை என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரிகிறார்.

சாமை அறுப்பு முடிந்ததா? தனியாக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மருமகள்
தேவயானி


காவலூர்
12.11.2025

அன்பு தேவயானிக்கு,

அத்தை எழுதுவது. செல்லி கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் படம் பிடித்து அனுப்புவாள். அங்கன்வாடி ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கை, போனில் தட்ட வரவில்லை.

நீங்கள் சிரித்துப் பேசி ஊர் பார்ப்பது சந்தோஷம். ஆனால் அந்தப் பையைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. வெற்றியின் சத்து மாத்திரை டப்பா எதில் இருக்கிறது? கைப்பையிலா, வராத பையிலா? அவனிடம் கேட்டு எழுது. சின்ன வயதிலிருந்து அவனுக்கு ரத்தம் குறைவு, அதனால்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

தூக்கம் கெட்டு அலைய வேண்டாம். பட்டினி கிடக்க விடாதே. ஏரி குளம் என்றால் கரையை விட்டுத் தள்ளியே உட்காருங்கள். மாமியார்க்காரி இன்னும் மகனை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

சாமை பாதி அறுத்தாயிற்று. மீதிக்கு மனசு ஓடவில்லை.

சுந்தரம்மாள்


ஹனோய்
12.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

படித்த உடனே கேட்டேன். "கைப்பையிலதான் கீது, நான் போட்டுக்கினேன். எங்கம்மாவுக்கு இன்னா வேலை?" என்கிறார். ஆனால் டப்பா என் கண்ணில் படவில்லை. குளியலறையில் போட்டுக்கொண்டதாகச் சொல்கிறார். திரும்பக் கேட்டால் முகம் சுருங்குகிறது. இன்று பழைய தெருக்களில் சுற்றினோம். ஒரு தெரு முழுக்கத் தகரச் சாமான், அடுத்த தெரு முழுக்கச் செருப்பு. அவருக்கு எதையும் விட மனசில்லை, கால் ஓயும்வரை நடக்கிறார். நான்தான் கடைகளைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பை இன்னும் வரவில்லை.

தேவயானி


ஹனோய்
13.11.2025

அத்தை,

பயப்படாமல் படியுங்கள். அவர் இப்போது என் பக்கத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்குகிறார். மூச்சு சீராக இருக்கிறது.

காலையில் ஏரிக்கரைப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது பேச்சு பாதியில் நின்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் விழுந்துவிட்டார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வாயில் கரண்டி வைக்க வந்தார், கையைத் தட்டிவிட்டேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, என் துப்பட்டாவைத் தலைக்குக் கீழே கொடுத்தேன். பாஷை தெரியாத ஒரு பெண், அடங்கும்வரை தன் கூம்புத் தொப்பியை அவர் முகத்துக்கு மேலே வெயில் படாமல் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மாத்திரை வராத பையில்தான் இருந்திருக்கிறது. பயணத்தைக் கெடுக்க வேண்டாம் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்.

அத்தை, அது சத்து மாத்திரை இல்லை என்று எனக்குத் தெரியும். நிச்சயத்துக்கு முன்பே காவலூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவரே சொன்னார். "இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடு, நான் எங்கம்மாகிட்ட பேசிக்கிறேன்" என்றார். எனக்கு இஷ்டம்தான் என்றேன். நீங்கள் மறைக்கப் பாடுபடுவதைப் பார்த்து, தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது உங்கள் உதவி வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு என்று டாக்டர் கேட்கிறார். நீங்கள் அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டுத் தந்ததால் பெயர் எனக்குத் தெரியாது. இவரைக் கேட்டால், நாக்குக் குழறி, இரண்டு முறையும் இரண்டு பெயர் சொல்கிறார். வீட்டில் பழைய அட்டை இருந்தால் உடனே படம் அனுப்புங்கள். செல்லியக்காவை வண்டி எடுத்துக்கொண்டு உங்களிடம் வரச் சொல்லியிருக்கிறேன்.

தேவயானி


காவலூர்
13.11.2025

தேவயானி,

அட்டையும் திருப்பத்தூர் டாக்டரின் சீட்டும் படமெடுத்து அனுப்பியாயிற்று. கிடைத்ததா? காலை ஒன்று, இரவு ஒன்று. செல்லி வந்து சொன்னபோது களத்தில் நின்றேன், வீட்டில் அட்டையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அப்படியே வண்டியில் ஏறினேன். காலில் செருப்பில்லை என்பதை இங்கே வந்துதான் பார்த்தேன்.

முதல் வலிப்பு அவனுக்கு மூன்றாம் வகுப்பில் வந்தது. வலிப்பு என்ற சொல்லை இப்போதுதான் எழுதுகிறேன், பார். வந்த அன்று நாளெல்லாம் தூங்குவான். எழுந்ததும் வெட்கப்படுவான், வெட்கம் கோபமாக வரும். உன்மேல் காட்டுவான், மனசில் வைக்காதே. கஞ்சி மாதிரி ஏதாவது கொடு. கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடாதே.

போதும் அம்மா. வூட்டுக்கு வந்துடுங்க. பார்த்த ஊர் போதும்.

சுந்தரம்மாள்


ஹனோய்
16.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

படம் கிடைத்த அன்றே மாத்திரை வாங்கிவிட்டோம். மறுநாள் பையும் வந்தது. இப்போது தெளிவாக இருக்கிறார். நீங்கள் சொன்னபடியே கோபமும் வந்தது. உங்களுக்கு எழுதியதற்காக ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை.

இப்போது புதிதாக ஒன்று. இங்கிருந்து பஸ்ஸில் போனால் கடல் வருகிறது. தண்ணீருக்குள்ளிருந்து மலை மலையாக எழுந்து நிற்கிறதாம், நடுவில் படகில் போகலாமாம். அதற்காகத்தான் இந்த நாட்டுக்கே வந்தோம். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். "நீயும் எங்கம்மா மாதிரி ஆய்ட்டியா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு உங்களை நினைத்தும் பாவமாக இருந்தது, அவரை நினைத்தும் பாவமாக இருந்தது.

மாத்திரை தவறாமல், மிதவைச் சட்டை கழற்றாமல், தண்ணீரில் இறங்காமல் போகலாம் என்று இந்த டாக்டர் சொல்கிறார். அப்படியும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். வா என்றால் வந்துவிடுகிறோம்.

தேவயானி


காவலூர்
18.11.2025

அன்பு தேவயானிக்கு,

நேற்று பஸ் பிடித்துத் திருப்பத்தூர் போய் நம் டாக்டரைப் பார்த்தேன். அந்த டாக்டர் சொன்னதையே இவரும் சொன்னார். வேறு மாதிரி சொல்வார் என்று நம்பித்தான் போனேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் உனக்கு எழுத வேண்டியதை யோசித்தேன். புளியமரம் ஏறாதே என்றேன், ஏறவில்லை. அருவிக்குப் போகாதே என்றேன், போகவில்லை. மலையில் பிறந்தவன், மற்றவர்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருவதை வாசலில் நின்று பார்ப்பான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாகத்தான் வளர்த்தேன். ஆனால் சாலையைக் கடந்ததற்கே அப்படிச் சிரித்தான் என்று எழுதியிருந்தாயே. அந்தச் சிரிப்பை நானும் பார்த்ததில்லை அம்மா.

அவன் விழுந்தபோது நீ செய்ததைச் செல்லியை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பக்கத்தில் நான் இருந்திருந்தால் அலறியிருப்பேன். நீ கரண்டியைத் தட்டிவிட்டிருக்கிறாய்.

கூட்டிக்கொண்டு போ. உனக்கும் பயம், எனக்கும் பயம். இருந்தாலும் போ.

படகில் இருக்கும்போது எனக்கு எழுத வேண்டாம். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. நாளைக்கு மீதிச் சாமையை அறுக்கிறேன். எனக்கும் கைக்கு வேலை வேண்டும்.

உன் அத்தை
சுந்தரம்மாள்