ராத்தா மாற்றிச் சொன்ன முடிவு

ராத்தா,

போன மாதம் ஒரு பின்னேரம், லிங்கநகரில் மகள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் தமிழில் குரல் கொடுத்த கொரியத் தொடர் ஒன்று ஓடியது. மனைவி மா பிசைந்துகொண்டிருக்கிறாள். சேவகர்கள் வந்து கணவனை இழுத்துப் போகிறார்கள். அவள் மா ஒட்டிய கையோடு வாசலில் நிற்கிறாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. அது நீங்கள் சொன்ன கதை.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கந்தோரில் உங்களுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. நீங்கள் மூதூரிலிருந்து காலை லாஞ்சியில் கடலைக் கடந்து வருவீர்கள். உங்கள் ஊர் முஸ்லிம் பிள்ளைகள் அக்காவைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களை ராத்தா என்றேன். அந்த யுத்த காலத்தில் என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் “விசாரிச்சிட்டு விடுவம்” என்றுதான் சொன்னார்கள். விடவில்லை. எங்கே என்றும் சொல்லவில்லை. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

உங்கள் மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தைப் பார்த்து, என்ன கதை என்று நான்தான் கேட்டேன். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வெளிநாட்டு நாவல் என்றீர்கள். கொஞ்சம் தயங்கித்தான் தொடங்கினீர்கள். ஒரு தச்சனைச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். அவன் மனைவி ரொட்டி சுட்டு விற்றுப் பிள்ளையை வளர்க்கிறாள். “ஒரு வாய் தின்னுங்க புள்ள, அப்பதான் மிச்சத்தச் சொல்லுவன்” என்பீர்கள். கதைக்காகவே சாப்பிட்டேன்.

ஒருநாள் பொறுக்க ஏலாமல் கேட்டுவிட்டேன். “அவன் திரும்பி வருவானோ ராத்தா?”

நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, “வருவான் புள்ள. பனி கொட்டுற ஒரு விடியக்காலை வந்து கதவைத் தட்டுவான். தாடியெல்லாம் நரைச்சிருக்கும். மகன்தான் கதவைத் திறப்பான்” என்றீர்கள். அன்றைக்கு நான் சோற்றுப் பெட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு அந்தக் கதை எங்களை விடவே இல்லை. வானொலி நாடகமாக வந்தது. தச்சன் தையற்காரனாகி இந்தியப் படத்தில் வந்தான். கடைசிப் பாட்டுக்கு முதலே வீடு திரும்பிவிட்டான். என் மகள் பார்த்த கார்ட்டூனில் முயல்களாக வந்தார்கள். அங்கேயும் அப்பா முயல் வந்து சேர்ந்தது. “சட்டையை மாத்திக்கொண்டு திரும்பத் திரும்ப வருது பாருங்க” என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்குள் நம்பிக்கை புதிதாகும். மற்றவர்கள் என் கணவர் இறந்துபோனார் என்று பூசை வைக்கச் சொன்னபோதெல்லாம் நான் சண்டைக்குப் போனேன்.

கடைசியாக உங்களை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். “அந்தக் கதையில ஒண்டை மாத்திச் சொல்லிப்போட்டன் புள்ள. கோவிக்காதீங்க.”

“கதையை விடுங்கோ ராத்தா. கொஞ்சம் கஞ்சி குடியுங்கோ.”

எனக்கு அப்போது விளங்கவில்லை.

தொடர் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. கணவன் முதல் குளிர்காலத்திலேயே சிறையில் இறந்துபோகிறான். கூட இருந்தவன் வருடங்கள் கழித்து அவனுடைய சட்டையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். “இது பிழை, அவன் வருவான்!” என்று நான் சத்தம் போட்டேன். மகள் தொலைபேசியில் தேடிப் பார்த்தாள். “இல்லையம்மா, பழைய நாவலிலயும் அவர் செத்துத்தான் போறார். படங்களிலதான் மாத்தியிருக்கினம்.”

முதலில் உங்கள்மேல் கோபம்தான் வந்தது. இத்தனை காலம் என்னை ஏன் காக்க வைத்தீர்கள் என்று மனத்துக்குள் உங்களோடு சண்டை பிடித்தேன். பிறகு அந்த மத்தியானத்தை நினைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் சோற்றுப் பெட்டியை மூடியிருப்பேன். அடுத்த நாள் கந்தோருக்கு வந்திருக்கமாட்டேன். என் பிள்ளையை யார் வளர்த்திருப்பார்கள்? உங்களுக்கு அது தெரிந்திருந்தது.

நேற்று மகளோடு மாதா கோயிலுக்குப் போய், இறந்தோருக்கான பூசையில் சேர்க்கும்படி என் கணவர் பெயரைக் கொடுத்தேன். பெயரை எழுதிய பங்குச் சுவாமி நிமிர்ந்து பார்த்தார். “யோசிச்சுத்தானே அம்மா?”

“ஓம் சுவாமி.”

பூசையில் பெயரை வாசித்தபோது, தான் அறியாத அப்பாவுக்காக மகள் அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இல்லை என்பதை இப்போது என்னால் தாங்க முடிகிறது, ராத்தா. நீங்கள் இல்லை என்பதைத்தான் இன்னும் தாங்க ஏலாமல் கிடக்கிறது.