ஒரு நாள் பாஸ்

பிப்ரவரி 4

வாலுவோட அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமா இருப்பீங்கன்னு நம்புறேன். வீட்டை விட்டுப் போனவ எதுக்கு எழுதுறான்னு யோசிப்பீங்க. நம்ம பையன் இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு.

என்கூட ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பார்க்கிறவளோட அண்ணன் சுற்றுலா பஸ் ஓட்டுறார். காலையில பார்டர் தாண்டிப் போய், ஊர் சுத்திக் காட்டி, சாயங்காலம் திரும்புற பஸ். நம்ம வாலு சுத்திப் பார்த்துட்டு வர்றேன்னு ஏறிப் போய், திரும்பாம அங்கேயே தங்கிட்டானே, அதே பஸ்தான். கடைத்தெருவுக்குப் பின்னால ஒரு பாட்டில் கம்பெனியில இருக்கானாம். டிரைவர் கண்ணால பார்த்திருக்கார். இளைச்சுப் போயிட்டானாம். கேட்டதுல இருந்து எனக்குச் சோறு தொண்டைக்குக் கீழ இறங்கல. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர் உங்க நம்பர். அதுல அவன் எப்படிக் கூப்பிடுவான்?

பஸ் கடைத்தெருவுல ரெண்டு மணி நேரம் நிக்கும். ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். ஆனா இவனை மாதிரி பலபேர் தங்கிட்டதால, இப்போ தனி ஆளுக்கு ஒரு நாள் பாஸ் குடுக்கிறதில்லையாம். புருஷன் பொண்டாட்டியா போகணும்.

அதுக்குத்தான் நீங்க வேணும். வேற எதுக்கும் இல்ல. பட்டறை ஆளுங்க அத்தனை பேர் முன்னாடி அவனைச் செருப்பால அடிச்சதை நான் மறக்கல. கடைத்தெருவுல நீங்க பஸ்ஸைவிட்டு இறங்கக் கூடாது. உங்களைப் பார்த்தா இன்னும் தூரமா ஓடுவான்.

சம்மதம்னா எழுதுங்க. என் புது நம்பர் கேட்காதீங்க. போன்ல கத்துவீங்க. எழுதும்போதுதான் மனுஷனா இருக்கீங்க.

வாலுவோட அம்மா


பிப்ரவரி 9

என் வீட்டுக்காரிக்கு (கோபப்படாதே, பழக்கதோஷம்),

உன் கடிதத்தை லேத்தை நிறுத்திட்டு நின்னபடியே படிச்சேன். "என்ன மேஸ்திரி, லாட்டரி விழுந்துருச்சா?"ன்னு பசங்க கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்.

வர்றேன். பஸ்ஸுக்குள்ள உட்காருன்னா உட்காருறேன், பஸ்ஸுக்கு அடியில படுன்னா படுக்கிறேன். ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அவனைப் பஸ் நிக்கிற இடம் வரைக்கும் கூட்டிட்டு வர முடியுமா? ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால குனிஞ்சு ஒரு தடவை பார்த்துக்கிறேன். அவனுக்குத் தெரியவே தெரியாது.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்ல. சாப்பாடு பட்டறை ஸ்டூல்லயே முடிஞ்சுடுது. வீட்டுக்குப் போனா டிவிகூட என்னை முறைக்கிற மாதிரி இருக்கு.

நீ மறுக்காதவரை உன் புருஷன்


பிப்ரவரி 16

வாலுவோட அப்பாவுக்கு,

பாஸுக்குச் சொல்லிட்டேன். மார்ச் முதல் வாரம், வியாழக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க. சண்டை போட்ட ஜோடின்னு தெரிஞ்சா சந்தேகப்படுவாங்களாம். அதனால என் பக்கத்துலயே உட்காருங்க, ஜன்னல் சீட் எனக்கு. எண்ணெய்க் கறை படிஞ்ச அந்தக் காக்கிச் சட்டை வேண்டாம். தொப்பி ஒண்ணு போடுங்க. யார்கிட்டயாவது கேமரா வாங்கிக் கழுத்துல மாட்டிக்கோங்க. அரண்மனை, ஏரி எதைக் காட்டினாலும் ஆன்னு வாயைப் பிளந்து பாருங்க.

அவனுக்கு ஸ்வெட்டரும் இருமல் மருந்தும் எடுத்து வச்சிருக்கேன். என்ன பேசறதுன்னுதான் தெரியல. கண்ணை மூடினா அவன் அஞ்சு வயசு முகம்தான் வருது, இப்போதைய முகம் வரமாட்டேங்குது. பெத்தவளுக்கு இப்படி மறக்குமா?

ஜன்னல் வழியா பார்க்கிறது பத்தி அங்கே போய் யோசிக்கலாம்.

வாலுவோட அம்மா


பிப்ரவரி 21

அன்புள்ளவளுக்கு,

தொப்பி வாங்கியாச்சு. போட்டோ ஸ்டூடியோக்காரன் பழைய கேமரா தந்தான், உள்ளே பிலிம் இல்ல. எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு கண்ணாடியில பார்த்தேன். டூரிஸ்ட் மாதிரி இல்ல, டூரிஸ்ட்டை அடிச்சுப் பிடுங்கினவன் மாதிரி இருக்கேன்.

"யோசிக்கலாம்"னு எழுதினியே, அந்த வரியைப் பத்து தடவை படிச்சிருப்பேன்.

வியாழக்கிழமை பார்க்கலாம்.


மார்ச் 10

வாலுவோட அம்மாவுக்கு,

அன்னைக்குச் சாயங்காலம் பார்டர்ல இறங்கினதும் "பார்த்தீங்களா?"ன்னு கேட்டே. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதுக்குமேல வாயில இருந்து காத்துதான் வந்தது. என் முகத்தைப் பார்த்துட்டு நீயும் எதுவும் கேட்காம உன் ஊர் பஸ்ல ஏறிட்டே. நடந்ததைக் கூட்டாம குறைக்காம எழுதுறேன்.

காலையில பார்டர்ல அந்த ரேகை மிஷின், நீ விரலை எத்தனை தடவை வச்சாலும் பல்லிளிச்சது. "ரேகையை எங்கேம்மா தொலைச்சே?"ன்னு ஆபீசர் சிரிச்சப்போ, பிளீச்சிங் பவுடர்ல தேஞ்ச கை சார்னு சொல்ல எனக்கு வாய் வரல. டிரைவர்தான் கெஞ்சினார். "பொண்டாட்டி இங்கே இருக்கிறப்போ இவர் எங்கே சார் ஓடிடப் போறார்?" உன்னைப் பிணையா வச்சுக்கிட்டு என்னை விட்டாங்க. நீ பெஞ்சுல இருந்து "நீங்களாவது போங்க, போங்க"ன்னு கையை ஆட்டினே. அந்த அவசரத்துல பையைக் குடுக்க உனக்கும் தோணல, வாங்க எனக்கும் தோணல.

அரண்மனை காட்டினாங்க, ஏரி காட்டினாங்க. எதுவும் கண்ணுல தங்கல. கடைத்தெரு வந்ததும் ஓட்டமும் நடையுமா போனேன். கம்பெனி வாசல்ல நின்னவன்கிட்ட நம்ம பையன் பேரைச் சொல்லி, நான் அவன் அப்பான்னேன்.

"அவனுக்கு அப்பா இல்லையே. செத்துட்டார்னு சொன்னானே."

"அப்போ பெரியப்பா வந்திருக்கார்னு சொல்லு."

வந்தான். தாடி. கண்ணாடித் துண்டு கீறி கை முழுக்கக் கோடு. முகம் ஞாபகம் வரலைன்னு எழுதினியே, அது உன் முகமேதான். என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால பார்த்தான்.

"அம்மா எங்கே?"

"பார்டர்ல நிறுத்திட்டாங்கடா. விரல்ல ரேகை விழல."

"உங்களை விட்டுட்டு அம்மாவை நிறுத்திட்டாங்களா?"

"சத்தியமாடா. அவ இப்போ என்கூடவே இல்ல. நீ போனதுக்கு அப்புறம் என்னை விட்டுட்டு தனியா இருக்கா."

உடனே போனை எடுத்தான். "நம்பரைச் சொல்லுங்க. அம்மாகிட்டயே பேசிக்கிறேன்."

நான் தொப்பியைக் கழட்டினேன்.

"சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுடா."

"சொந்தப் பொண்டாட்டி நம்பர் தெரியாதா?"

"அவ குடுக்கல."

சிரிச்சான். "அம்மாவைப் பேசக்கூட விடமாட்டீங்க. அவங்களை வீட்டுல போட்டுட்டு நீங்க ஊர் சுத்திப் பார்க்க வந்துட்டீங்க. கழுத்துல கேமரா வேற."

அவன் கால்ல விழப் போனேன். தோளைப் பிடிச்சு நிறுத்திட்டான். "ஆளுங்க பார்க்கிறாங்க"ன்னு மெதுவா சொன்னான். அவன் ஒரு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவன் நம்பரையாவது குடுன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் அங்கே இருக்கிறவங்களை இன்னும் தள்ளி வேற நாட்டுக்குக் கூட்டிட்டுப் போறானாம், இந்த நம்பரே இருக்காதாம். உள்ளே போயிட்டான். உன் ஆஸ்பத்திரி பேரையும் தெருப் பேரையும் மூடின கதவைப் பார்த்துக் கத்தினேன். உள்ளே பாட்டில் ஓடுற சத்தம். காதுல விழுந்துச்சான்னு தெரியல.

அந்த வாசல்லயே கிடந்திருப்பேன். நான் திரும்பலைன்னா உன்னை விடமாட்டாங்களே, அதனால வந்தேன்.

நம்பர் குடுக்காதது உன் தப்பில்ல. உன்னை அப்படி ஆக்கினது நான். இப்போவாவது வீட்டுக்கு வந்துடு. கிழிஞ்ச துணி ரெண்டு இடத்துல கிடக்கிறதுக்கு ஒரே இடத்துல கிடக்கட்டும்.

அவன் அப்பா


மார்ச் 19

வாலுவோட அப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சது. நீங்க பொய் சொல்லல. அது எனக்குத் தெரியும்.

அன்னைக்கு நாள் முழுக்க அந்த பெஞ்சுல நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? இந்நேரம் பார்த்திருப்பார், இந்நேரம் ரெண்டு பேரும் சமாதானம் ஆகியிருப்பாங்கன்னு நானே கதை கட்டிக்கிட்டேன். பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, "எங்க வீட்டுக்காரர் பையனைப் பார்க்கப் போயிருக்கார்"னு சொன்னேன். உங்களைப் பத்தி நான் யார்கிட்டயாவது பெருமையா பேசினது அன்னைக்குத்தான்.

"அம்மா எங்கே"ன்னு கேட்டான்ல, அது போதும்னு மனசைத் தேத்திப் பார்க்கிறேன். போதல. டிரைவர் நேத்து போய் விசாரிச்சார். சொன்ன மாதிரியே ஞாயித்துக்கிழமை போயிட்டாங்களாம். எந்த நாடுன்னு அங்கே யாருக்கும் தெரியல.

வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கீங்க. கோபத்துல மறுக்கல. கோபமெல்லாம் தீர்ந்துபோச்சு, உங்க மேல, என் மேல, அந்த மிஷின் மேல. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டா, நீங்க என்னைப் பார்த்து அந்த நம்பரை நினைப்பீங்க. நான் உங்களைப் பார்த்து அவன் மூடின கதவை நினைப்பேன். அப்புறம் சோறு எங்கே இறங்கும்?

இன்னொண்ணு சொல்லணும். உங்க கையெழுத்தும் அவன் கையெழுத்தும் ஒரே அச்சு. வாட்ச்மேன் கவரை நீட்டினப்போ மேல இருந்த எழுத்தைப் பார்த்து, நீங்க விலாசம் குடுத்து அவன்தான் எழுதிட்டான்னு நினைச்சேன். துவைக்கிற மிஷினைப் பாதியில நிறுத்திட்டு, ஈரக் கையோட மாடிப்படிக்கு ஓடினேன். கூட வேலை பார்க்கிறவங்க எல்லாம், "பையன்கிட்ட இருந்தா? பையன்கிட்ட இருந்தா?"ன்னு பின்னாலயே ஓடி வந்தாங்க. பிரிச்சா, நீங்க. இன்னொரு தடவை அது என்னால ஆகாது.

அதனால இனிமே எழுதாதீங்க. அந்த எழுத்துல ஒரு கவர் வந்தா, பிரிக்கிறதுக்கு முன்னாலேயே அது அவன்தான்னு எனக்குத் தெரியணும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.

அவன் அம்மா