சனிக்கிழமை பிடித்த பதினோரு மீன்கள்

அன்புள்ள அண்ணா,

அன்று காரில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். "திரும்பிடலாம்."

ரூட் எண்பது நெடுஞ்சாலையில், உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தோம். டிக்கியில் சறுக்குவண்டி, ஐஸில் துளை போடும் திருகு, இரண்டு குட்டி ஸ்டூல். என் மடியில் புழு டப்பா. நீ ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, ஏதோ சினிமா டிக்கெட் கிடைத்த மாதிரி சொன்னாய்: "இன்னிக்குப் பத்து மணிக்கு எனக்கு ட்ரெட்மில் டெஸ்ட் அம்மிணி. நேத்து நானே கூப்பிட்டு அடுத்த சனிக்கிழமைக்கு மாத்திட்டேன். உங்க அண்ணிகிட்ட, கிளினிக்ல இருந்தே தள்ளிப் போட்டுட்டாங்கன்னு சொல்லிருக்கேன். நீ உளறிக் கொட்டிடாதே."

நான் சிரித்தேன். "எனக்கு என்ன லஞ்சம்?"

"புதுத் தூண்டில் ராட். ரெண்டு பவுண்டு தாங்குற லைன் போட்டு வெச்சிருக்கேன்."

"சரி, வாயைத் திறக்க மாட்டேன்."

மணி அப்போது எட்டுகூட ஆகவில்லை.

இந்தக் கடிதத்தை நம் வீட்டுக்கு வெளியே இருப்பவர்களும் படிப்பார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நாலு பேர் முன்னால் எதையும் சொல்கிற ஆள் இல்லை நான். என் பிறந்தநாளைக்கூட ஆபீஸில் யாருக்கும் சொன்னதில்லை. அதனால் இதை எழுத உட்காருவதும் எழுந்து நடப்பதுமாகக் கிட்டத்தட்ட மூன்று வாரம் ஓடிவிட்டது. பார்சிப்பனியில் என் அபார்ட்மெண்டில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே பதினான்கு அடி. எண்ணிவிட்டேன்.

மாடிப்படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குகிறது என்று அண்ணிதான் முதலில் கவனித்தார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனதும், லீவு போட வேண்டாமே என்று சனிக்கிழமையாகப் பார்த்து இதய டெஸ்டுக்கு நேரம் வாங்கியதும் அவர்தான். உனக்கு நாற்பத்தொரு வயது. உனக்கென்ன ஆகிவிடும்?

அந்த வாரம்தான் ஏரி உறைந்தது. நியூ ஜெர்சிக் குளிரை நம்ப முடியாது, நாலு நாள் இறுகும், அடுத்த வாரமே மழை பெய்து எல்லாம் கஞ்சியாகிவிடும். "முதல் ஐஸ்லதான் மீன் பசியோட கடிக்கும். விட்டா அடுத்த வருஷம்தான்" என்பாய். ஐஸைத் தவறவிட மனசில்லை, டெஸ்டைத் தள்ளிப்போட்டாய். சரி, நீ அப்படித்தான். நான் ஏன் சிரித்தேன்?

எனக்கும் அந்த நாள் வேண்டியிருந்தது. அதுதான் உண்மை. வாரம் முழுக்க மீட்டிங்கில் பேசிப் பேசி வாய் காய்ந்துபோனவளுக்கு, வெள்ளையாக விரிந்த ஏரியின் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு துளையையே பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம். டிசம்பரிலிருந்தே அதற்காகக் காத்திருந்தேன். நீ காரைத் திருப்பியிருந்தால் எனக்குக் கோபம்கூட வந்திருக்கும்.

கரையில் இறங்கியதுமே அண்ணியின் போன். எப்போதும் கேட்கிற அதே கேள்வி. "ஐஸ் எத்தனை இஞ்ச்?"

"அஞ்சு இருக்கு. நாலு இருந்தாலே போதும்."

"அளந்து போட்டோ அனுப்புங்க. வாயால சொன்னா நம்ப மாட்டேன்."

டேப்பை வைத்து நான்தான் போட்டோ எடுத்தேன். அஞ்சே கால் இஞ்ச். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. உன் கையுறை நுனியும் அதில் விழுந்திருக்கிறது.

நீ தூண்டில் நரம்புக்கு ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருந்த ஆள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஐஸுக்கு அடியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், மீன் எல்லாவற்றையும் பார்க்கும், அதனால் மயிரிழை மாதிரி சன்னமான நரம்புதான் சரி என்பாய். நான் பின்னல் நரம்பைக் கொண்டுவந்த அன்று என்னைப் படுத்தியெடுத்தாய்: "அது தண்ணியக் குடிச்சு ஐஸாகி வளையத்துல அடைச்சுக்கும். நீ என்ன சுறா பிடிக்கவா வந்தே?" நாம் தேடியது பான்ஃபிஷ். வறுக்கிற சட்டியில் முழுதாக அடங்குகிற சின்ன மீன்கள். ப்ளூகில், மஞ்சள் பெர்ச், அதிர்ஷ்டம் இருந்தால் க்ராப்பி. அவற்றின் வாய்க்கு ஏற்ற தூண்டில் முள் மிளகளவுதான். நாலு பவுண்டு நரம்பில் கட்டினால் அந்த முள்ளின் கனம் போதாது, நரம்பு சுருள் சுருளாகவே நிற்கும்.

அன்றும் என் நரம்பைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாய்.

"ஏன் இப்படி இடியாப்பம் மாதிரி தொங்குது? கதவுக் கைப்பிடில கட்டி இழுத்து நேராக்கிட்டு வான்னு சொன்னேன்ல?"

"இழுத்தேன்."

"எப்போ, போன ஜென்மத்துலயா? இந்தா, இதப் பிடி. லஞ்ச ராட்."

"பெரிய மீன் வந்தா ரெண்டு பவுண்டு அறுந்துடாதா?"

"அறுத்துட்டுப் போகட்டும் விடு. பெரிய மீனுக்கா டெஸ்ட்ட மாத்திட்டு வந்தோம்?"

அந்த ராடின் நுனியில் மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மீன் கடித்தால் அது கீழே வளையும், அதுதான் எனக்குத் தெரிந்தது. நீ இன்னொன்று சொன்னாய். சில மீன் முள்ளை வாயில் வைத்துக்கொண்டே மேலே எழும்பும். அப்போது கம்பியில் கனம் இருக்காது, அது சும்மா நிமிரும். "இழுத்தாத்தான் கடின்னு நினைக்காதே அம்மிணி. கனம் காணாமப் போனாலும் கடிதான்."

மூன்றாவது துளையைக் கையாலேயே திருகிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாய். அந்தக் குளிரில் ஜாக்கெட் ஜிப்பைக் கீழே இறக்கினாய். வலது கையால் இடது தோளைத் தேய்த்தாய்.

"என்னாச்சு?"

"காலைல அந்த உளுந்து வடை. வேற என்ன?"

உன் முகத்தைப் பார்த்தேன். இரண்டாவது தடவையாக அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. அந்த நேரம் பார்த்து என் கம்பி நிமிர்ந்தது. நான் ராடைத் தூக்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ப்ளூகில், வயிறு ஆரஞ்சு நிறத்தில். நீ கைதட்டினாய். "பார்த்தியா! கனம் காணாமப் போச்சில்ல?" என் வாழ்நாளில் அதுபோல ஒரு பாராட்டுக்கு நான் சந்தோஷப்பட்டதில்லை. வடையை மறந்தேன். இல்லை, மறக்கவில்லை. வடைதான் என்று நம்பிக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

பதினோரு மீன். சனிக்கிழமை நம் வீட்டில் அசைவம் கிடையாது. பிடிக்கலாம், சாப்பிடக் கூடாது, அது அண்ணியின் சட்டம். மறுநாள் தை அமாவாசை, திங்களும் செவ்வாயும்கூட அசைவம் கிடையாது. சுத்தம் பண்ணி, ஜிப் கவரில் போட்டு, மேலே மார்க்கரில் "11, புதன்" என்று எழுதி ஃப்ரீசரில் வைத்தாய். "தயிருக்குப் பக்கத்துல இருக்கிற அந்தப் புழு டப்பாவ மொதல்ல எடுங்க" என்று அண்ணி கத்தினார். நீ, "அதுவும் குடும்ப உறுப்பினர்தாங்க" என்றாய். உன் பெண் இனியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் கார் கண்ணாடியில் உறைந்திருந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது விழுந்தாய். உனக்கு அந்தப் புதன்கிழமை வரவில்லை.

வெள்ளிக்கிழமை, வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, அண்ணியின் போனுக்குக் கிளினிக்கிலிருந்து ஒரு பதிவுக் குரல் வந்தது. நாளை உங்கள் டெஸ்ட், கால் மணி நேரம் முன்னதாக வரவும். அண்ணி அதை ஸ்பீக்கரில் போட்டார். குரல் முடிந்ததும் எல்லாரையும் பார்த்து, "இவங்க மட்டும் தள்ளிப் போடாம இருந்திருந்தா" என்றார். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியம் எங்கெங்கோ போய்விட்டது அண்ணா. ஈரோட்டில் அம்மாவும் அப்பாவும் அதைத்தான் நம்புகிறார்கள். கோயிலில், அண்ணியின் ஆபீஸில், துக்கம் கேட்க வந்த ஒவ்வொரு ஆன்ட்டியிடமும் அங்கிளிடமும் அதே வாக்கியம். வசந்தத்தில் அண்ணி அந்தக் கிளினிக்குக்கே போய்விட்டார். ரிசப்ஷனில் இருந்த பெண், நோயாளிதான் கேட்டு மாற்றியிருக்கிறார் என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். "செத்தவரு மேல பழி போடறாங்க, இப்போ என்ன வேணா டைப் பண்ணிக்கலாம்ல" என்று வீட்டுக்கு வந்து என்னிடம்தான் அழுதார். என் தோளில்தான்.

போன மாதம் உன் முதல் வருஷத் திதி முடிந்தது. மறுநாள் அண்ணி கூப்பிட்டார். "ஒரு புகார் எழுதணும் அம்மிணி. அந்தப் பொண்ணு பேரையும் போட்டு. நீதான் நல்லா எழுதுவே." மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். "தேதி தள்ளிவைக்கப்பட்டது" என்று எழுதினால் அதில் பொய் இல்லை. யார் வைத்தது என்று மட்டும் இருக்காது. அந்த வாக்கியத்தை எவ்வளவு லாவகமாக எழுதிவிட்டேன் என்று பார்த்தபோதுதான் என் மேலேயே எனக்குப் பயம் வந்தது. முகம் தெரியாத ஒருத்தியின் வேலை போகலாம். நாம் பிடித்த பதினோரு மீனுக்காக. அதில் நான் தூக்கிய ஒரு மீனுக்காக.

உனக்குக் கொடுத்த வாக்கு என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அது உன்னைக் காப்பாற்றவா, என்னையா?

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். அண்ணி சமையலறையில் இருந்தார். ஐஸ்கிரீம் தேடிய இனியா ஃப்ரீசரின் அடியிலிருந்து அந்தக் கவரை வெளியே எடுத்துவிட்டாள். உறைபனி மூடியிருந்ததை விரலால் துடைத்து உன் எழுத்தைப் படித்தாள். அப்பாவோட மீனை எப்போ சாப்பிடுவோம் என்று இங்கிலீஷில் கேட்டாள். எந்தப் புதன்கிழமை என்றும் கேட்டாள். அண்ணி அதை வாங்கி உள்ளே வைத்து, அவளை மாடிக்கு அனுப்பினார்.

"அண்ணி, தேதிய மாத்தினது அவங்க இல்லை. அண்ணாதான்."

கரண்டியைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"அவனே. கார்ல."

"போறப்பவா, வர்றப்பவா?"

அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"போறப்பவே, அண்ணி."

தோளைத் தேய்த்ததையும் வடையையும் சொன்னேன். கம்பி நிமிர்ந்ததைச் சொன்னேன். அடுப்பை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை, நான்தான் அணைத்தேன். என்னிடம் பேசுகிற மாதிரி இல்லாமல் சொன்னார்: "ஐஸ் உடைஞ்சிருமோன்னுதான் நான் பயந்துட்டே இருந்தேன். எத்தனை இஞ்ச், எத்தனை இஞ்ச்னு. லூசு மாதிரி."

பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட அத்தனை பேர் முன்னாடி கத்தினேன்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்னு பார்க்காதே. நான் யார் யார்கிட்ட சொன்னேனோ அத்தனை பேருக்கும் நீ சொல்லு. நல்லா எழுதுவேல்ல? எழுது."

அதனால்தான் இது உனக்கு மட்டுமான கடிதமாக இல்லை அண்ணா. இதைப் படிக்கிறவர்களே, கிளினிக் எதையும் தள்ளிப்போடவில்லை. என் அண்ணன் தள்ளிப்போட்டான். தெரிந்தும் நான் கூடப் போனேன். அன்று பத்து மணிக்கு அவன் அந்த மெஷினில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எட்டு மணிக்குக் கூப்பிட்டிருந்தால் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்களா? அதுவும் தெரியாது.

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அந்தக் கிளினிக்குப் போய், அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்லப் போகிறேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போனில் நானே சொல்வேன். இனியா கேட்கிற வயது வரும்போது வடையிலிருந்து எதையும் விடாமல் சொல்வேன். இனி யாருக்காகவும், உனக்காகவும்கூட, வாயை மூடிக்கொண்டு காரில் உட்கார மாட்டேன். இது என் வாக்கு. லஞ்சம் வேண்டாம்.

அன்று நான் கிளம்பும்போது அண்ணி ஃப்ரீசரைத் திறந்து, அந்தக் கவரை எடுத்து என் கையில் வைத்தார். "இத நீ எடுத்துட்டுப் போ" என்றார். புகார் போகவில்லை. அண்ணி என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. மீன் என் ஃப்ரீசரில் இருக்கிறது.

உன் ரகசியத்தைக் காப்பாற்றாத,
தங்கை