அன்ரன் போட்ட என் கிளவுஸ்

ஞாயிறு, ஆனி 9

துறைமுகத்தடி மைதானத்தில் தொண்ணூறு நிமிடமும் ஒரு கோலும் விடாமல் நின்றேன். எதிரணியும் விடவில்லை. ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் மேலதிக நேரம் கிடையாது, நேரே பெனால்டிதான். அப்போது பார்த்துப் பயிற்சியாளர், "நீர் வெளியில வாரும், அன்ரன் நிக்கட்டும்" என்றார்.

இரண்டாவது கோல் காப்பாளனான அவனிடம் கிளவுஸ் இல்லை. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு உதையைப் பிடித்தான். கொழும்புக் கழகத்துக்கு ஆள் பார்க்க வந்தவர் அவனுடைய பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

என் தொண்ணூறு நிமிடத்தை யார் எழுதினார்கள்?

ஊரடங்குக்கு முன் கிளவுசைக் கொண்டுவந்து தந்தான்.

"அண்ணை, உங்கட கிளவுஸ் நல்ல ராசி!"

"ஓம்" என்றேன்.

இப்போது போட்டுப் பார்த்தேன். விரலெல்லாம் தொளதொளக்கிறது. பத்தே நிமிடத்தில் பெருப்பித்துவிட்டான். அவ்வளவு பெரிய கை அவனுக்கு.