கரடிப் பாதையில் ஒரு சண்டை

இன்று திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை போகும் பஸ்ஸில் யாரோ பழுத்த பலாப்பழத்தை ஏற்றியிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது, தோழி. அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் துள்ளிக் குதிப்பாய். எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து நம் பள்ளிக்கூடத்துக்குக் காப்பித் தோட்டம் வழியாக அரை மணி நடை. பதினோரு வருஷம் சேர்ந்து நடந்தோம். "பேசிக்கிட்டே வா. நம்ம சத்தம் கேட்டா கரடி அதுவா ஒதுங்கிரும்" என்பாய். உனக்கென்ன, வாயை மூடினால்தான் கஷ்டம். இரண்டு டீச்சரும் வருவது ஒரு பர்லாங்குக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் என்று தோட்டத்து ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

அப்படிப்பட்ட நாம் ஒருநாள் பேசாமல் நடந்தோம். ஜன்னலோர சீட்டுக்காகச் சண்டை, ஐம்பதை நெருங்கும் வயதில்! நீ முன்னே, நான் பின்னே, உம்மென்று. என் பையில் பலாச்சுளை வேறு. வளைவில் திரும்பினால் இருபதடியில் கரடி. எழுந்து நின்றது. நான் ஓடத்தான் காலைத் தூக்கினேன். நீ என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

"ஓடாத. பையக் கீழ வையி. மெதுவா அப்படியே பின்னால நட" என்றாய். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அது சுளையில் முகத்தைப் புதைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து நான் அழுதேன். நீயோ விழுந்து விழுந்து சிரித்தாய். "இனிமே சண்டைன்னாலும் வாய்விட்டுப் போடுவோம்டி" என்றாய்.

நீ போன இந்த ஆறு மாதமாக அந்தப் பாதையில் நான் வாயே திறக்கவில்லை. யாரிடம் பேசுவது? இன்று அதே வளைவுக்கு முன்னால் புதருக்குள் சரசரப்பு. காலை ஊன்றி நின்று, உன்னோடு சண்டையை ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததைக்கூட மறைத்தாயே, நான் என்ன அந்நியமா என்று காடே கேட்கத் திட்டினேன். திட்டத் திட்ட அழுகையும் வந்தது. புதர் அசைந்தது. ஒரு கறுத்த முதுகு சரிவில் இறங்கிப் போய்விட்டது.

ஒதுங்கிருச்சுடி!

தனியாக நடக்கப் பழகிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. நாளைக் காலையும் அந்த வளைவில் உன்னைத் திட்டுவேன். ஜன்னலோர சீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.