முன்பல்லும் கீழ்மெட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் மேல்வரிசை முன்பல் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்திக்குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். பல் என்னாச்சு கச்சேரி என்னாச்சு என்று போனில் கேட்டாயே, போன் உன் அம்மா கைக்குப் போனால் எனக்கு மிஞ்சுவது “சரி வைக்கிறேன்” மட்டும்தான், அதனால் இந்தக் கடிதம். எட்டாவதோடு நின்றவன் கையெழுத்து, கோழி கிளறின மாதிரி இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படி.

பல் ஆட ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, உடனே எடுக்க வேண்டும், விட்டால் பக்கத்துப் பல்லையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்றார். எடுத்தால் டிரம்பெட் ஊத முடியுமா என்று கேட்டேன். ஊதும்போது உதட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுப்பது அந்தப் பல்தானே, பொய்ப்பல் வைத்த பிறகு சிலருக்கு வரும் சிலருக்கு வரவே வராது, என்னால் உறுதி சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார். முப்பத்தினாலு வருஷம், மகளே. டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்துவிட்டு கிரீஸ் நாற்றத்தோடு ஒத்திகைக்கு ஓடின காலத்திலிருந்து ஊதுகிறேன். எங்கள் பேண்டு வாத்தியக் குழுவின் பேர் மூன்று தடவை மாறிவிட்டது, சட்டை நிறம் ஐந்து தடவை மாறிவிட்டது, பின்வரிசை மூன்றாவது நாற்காலியில் உட்காரும் தொப்பை மட்டும் மாறவில்லை, வளர்ந்தது. பூங்கா மேடைக் கச்சேரிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அதுவரை விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, கச்சேரிக்கு மறுநாள் காலையில் இந்த நாற்காலியில் இருக்க வேண்டும் என்று மிரட்டி அனுப்பினார். உன் அம்மா சும்மா இருப்பாளா, முப்பத்தினாலு வருஷம் ஊதி ஒண்ணும் சம்பாதிக்கல, கூடப் பொறந்த பல்லையும் விட்டுட்டு நிக்கப் போறீங்க என்றாள். சொல்லிவிட்டு மூன்று வாரமும் எல்லாவற்றையும் குழைய வேகவைத்துத்தான் போட்டாள்.

உனக்குத் தெரியும், நான் ஒருநாளும் மெட்டு ஊதினவன் இல்லை. மெட்டு ஊதுவது முன்வரிசைத் தையல்காரர். அவருக்குக் கீழே, தாழ்ந்த சுரத்தில் ஒட்டிக்கொண்டே போகும் கீழ்மெட்டுதான் எனக்கு. வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் பழகினதும் அதைத்தான், நீ காதில் வாங்கி வளர்ந்ததும் அதைத்தான். மூன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பாட்டைப் பாட, நீ மட்டும் தனியாக வேறு வழியில் போய், டீச்சர் தப்பு என்று சொன்னதற்கு, எங்கப்பா பேண்டுல இருக்கார் உங்களுக்குத்தான் தெரியலை என்று சண்டை போட்டுவிட்டு வந்தாயே. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றது நான்தான்.

இந்தத் தடவை பல் விஷயம் தெரிந்ததும் தையல்காரர் ஒத்திகையில் எழுந்து, அண்ணே இத்தனை வருஷம் நீங்க தாங்கிப் பிடிச்சீங்க நான் பேர் வாங்கினேன், கடைசிப் பாட்டுக்கு மட்டும் இடத்தை மாத்திக்குவோம், நீங்க முன்னால வாங்க என்றார். பேண்டை நடத்துகிற கணக்கு வாத்தியாரும் மரஸ்கேலால் மேசையைத் தட்டி, சரி என்றுவிட்டார். மூன்று வாரம் மெட்டையே பழகினேன். கச்சேரி அன்றைக்கு முன்னால் போய் நின்றபோது கால் கொஞ்சம் ஆடியது, பல் நிறைய ஆடியது. முதல் இரண்டு வரி வாத்தியாரே புருவத்தைத் தூக்குகிற மாதிரி வந்தது. மூன்றாவது வரியில், மகளே, பழகின மாடு தானாகத் தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி விரல் கீழ்மெட்டுக்குப் போய்விட்டது. அடுத்த மூச்சில் தையல்காரர் மெட்டைத் தூக்கிக்கொண்டார். பின்னால் நின்று அவர் மெட்டு, முன்னால் நின்று நான் கீழ்மெட்டு, ஒரு இடத்திலும் அறுபடாமல் பாட்டு முடிந்தது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது, அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பஸ் ஏறினதும் உன் அம்மா மெதுவாக, தொடக்கத்துல என்னமோ மாத்தி மாத்தி ஊதினீங்க பக்குன்னு ஆயிடுச்சு, நல்லவேளை மூணாவது வரியில சரியாப் புடிச்சிட்டீங்க என்றாளே பார்க்கலாம். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷமாக அவளுக்கும் பாட்டு என்றால் என் கீழ்மெட்டுதான்.

மறுநாளே பல்லை எடுத்தாயிற்று. அப்புறம் பொய்ப்பல் வைத்து ஊதிப்பார்த்தால் டயரில் காற்று இறங்குகிற சத்தம்தான் வந்தது. பத்து நாள் இதே கதை. பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் நான்தான் சொல்லிவைத்தேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ஒத்திகையில் என் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் தையல்காரர் தன் பையை வைத்து இடம் பிடிக்கிறாராம், அதைக் கேட்டும் போக மனசு வரவில்லை. போன ஞாயிறு நீ அம்மாவோடு போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது உனக்குப் பின்னால் குட்டி பொம்மையைத் தூங்கவைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். நான் செருப்பு மாட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அதே கடைசிப் பாட்டு, அதே கீழ்மெட்டு, மூன்றாவது வரியில் இறங்குகிற இறக்கம்கூட அச்சு அசல். என்னை ஒருநாளும் மேடையில் பார்க்காத குழந்தை, உன் வாயிலிருந்துதான் பிடித்திருக்க வேண்டும். நேரே போய்ப் பெட்டியை இழுத்துத் தூசி தட்டிக் குளியலறைக் கதவைச் சாத்தினேன். ஏழாவது தடவை ஒரே ஒரு சுரம் வந்தது, காற்றுக் கலக்காமல், நிமிர்ந்து. பொய்ப்பல் அசையவில்லை. நேற்று நாலு சுரம். வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போய்த் தையல்காரரைப் பையை எடுக்கச் சொல்லப் போகிறேன்.

வேலை வேலை என்று நேரம் கெட்டுச் சாப்பிடாதே. வண்டி பிரேக் கிறீச்சிடுகிறது என்றாயே, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினால் அது சரியாகாது, இந்த வாரமே காட்டு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். குட்டிக்குச் சரியான மெட்டைச் சொல்லிக்கொடுத்துவிடு, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சண்டை வரும். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
பின்வரிசை மூன்றாவது நாற்காலி,
உன் அப்பா